மூட்டுப்பாவை வாங்கேக்கை விலையைப் பாக்கிறதோ, மனசு ஒட்டினதைப் பாக்கிறதோ?

கோண்டாவில்காரி
வணக்கம். முதல் றெசின் பாவை எடுக்கப்போறன், உள்ளை இலாஸ்ரிக் கோத்து மூட்டு மூட்டா மடங்கிற வகை. 43 சென்ரிமீற்றர் அளவு எண்டது முடிவு. மூண்டு தெரிவு கையிலை கிடக்கு.

முதலாவது, கொரியக் கொம்பனி ஒண்டின்ரை லிமிற்றெட், கொஞ்சம் மட்டும் செய்து நிப்பாட்டினது. இப்ப கொம்பனியிலை இல்லை, இரண்டாங்கை. 520 டொலர். பேஸப் (முகத்திலை கையாலை தீட்டின சாயம்), கண், விக், உடுப்பு, பெட்டி, சான்றிதழ் எல்லாம் வரும். அந்த முகம்தான் மனசிலை நிக்குது.
இரண்டாவது, சீனக் கொம்பனி, புதுசு, 270 டொலர். வெறும் பாவை. மூட்டு நல்லா நிக்கும் எண்டு சொல்லுகினம். முகம் பரவாயில்லை.
மூண்டாவது, முதலாவதின்ரை கள்ள அச்சு, 140 டொலர்.

ஒன்றரை லட்சத்துக்கு மேலை ஏலாது. என்ன சொல்லுறியள்?

செய்கூலிசேதாரம்
முதலில் யாழ்ப்பாணத்து வாசலில் வந்து இறங்கும் விலையைப் பார்ப்போம். டொலர் 300 ரூபா என்று வைக்கிறேன். வங்கி உங்களிடம் எடுப்பது விற்பனை விலை, செய்தியில் சொல்லும் நடுவிலை அல்ல. அதையும் நினைவில் வையுங்கள்.

முதலாவது: 520 உடன் அனுப்புகூலி 45, ஆக 565 டொலர். 169,500 ரூபா. 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) மட்டும் 30,510. கூட்டினால் 200,010. சுங்கத் தீர்வை இதற்குள் இல்லை. தீர்வை சேர்ந்த தொகைக்கு மேல்தான் வற் போடுவார்கள், ஆகவே இன்னும் ஏறும்.

இரண்டாவது: 315 டொலர், 94,500 ரூபா, வற் 17,010, மொத்தம் 111,510. ஆனால் அது கண்ணில்லாத, மொட்டைத்தலையான, உடுப்பில்லாத பாவை. கண் 15, விக் 20, ஒரு சோடி உடுப்பும் சப்பாத்தும் 40 என்று குறைவாகப் போட்டாலும் 75 டொலர், 22,500 ரூபா. 134,010 ஆகிவிட்டது. பேஸப் இன்னும் இல்லை. விலைப்பட்டியலில் 250 டொலராகத் தெரிந்த இடைவெளி நீங்கள் நினைத்தவ்வளவு இல்லை.

இன்னொன்று. கஸ்தூரியார் வீதியில் காப்பு வாங்கி, பிறகு அதைக் கொண்டுபோய் விற்றால் பவுணுக்குத்தான் காசு. செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். பாவையில் பவுண் என்பது அசல் தலையும் அசல் உடலும். அனுப்புகூலி, வரி, பேஸப், உடுப்பு எல்லாம் செய்கூலி. ஒரே வித்தியாசம், தங்கம் மஞ்சளாக இருந்தால்தான் விலை, றெசின் மஞ்சளானால் விலை போச்சு.

பாசையூர்ப்பிள்ளை
140 டொலருக்கு அதே முகம் கிடைக்கேக்கை உவ்வளவு கணக்கு என்னத்துக்கு?

சைக்கிள்கம்பி
அதே முகம் இல்லை தம்பி. கள்ள அச்சு எடுக்கிறது முடிஞ்ச பாவையிலை. அதைச் சிலிக்கோனுக்குள்ளை அமத்தி, அந்த அச்சுக்குள்ளை திரும்ப றெசின் ஊத்துவினம். ஒவ்வொரு முறையும் பொருள் கொஞ்சம் சுருங்கும். முகத்திலை அது தெரியாமல் போகலாம். ஆனால் மூட்டிலை குண்டும் குழியும் அரை மில்லிமீற்றர் மாறினாலே முழங்கால் பூட்டுப்பட்டு நிக்காது. இமை விளிம்பு, உதட்டு ஓரம், விரலிடுக்கு மழுங்கும். எல்லாக் கள்ள அச்சும் குப்பை எண்டு சொல்லமாட்டன், வடிவா வாறதும் இருக்கு. ஆனால் எது வரும் எண்டது பெட்டி உடைக்கும்வரைக்கும் தெரியாது. பேந்து அசல் உடலோ அசல் கையோ சேத்து எடுக்கலாம் எண்டாலும் நிறம் பொருந்தாது, அளவு பொருந்தாது. விக்கவும் ஏலாது. கனபேர் அதைப் பக்கத்திலையும் விடமாட்டினம். செதுக்கினவருக்கு ஒரு சதமும் போகாது எண்டதையும் சொல்லத்தான் வேணும்.

பாசையூர்ப்பிள்ளை
சரி சரி, அடிக்க வராதேங்கோ. கேட்டுத்தானே பாத்தனான்.

கண்ணாடிக்கண்
தங்கச்சி, கணக்குக்கு முதல் ஒரு கேள்வி. மனசிலை நிக்கிறது எந்த முகம்? விக்கிறவ போட்ட படத்திலை நாலு பேரின்ரை வேலை கிடக்கு. செதுக்கினவர், பேஸப் போட்டவர், கண்ணும் விக்கும் தெரிஞ்செடுத்தவர், வெளிச்சம் பிடிச்சுப் படம் எடுத்தவர். இந்த நாலிலை எதுக்காக 520 டொலர் குடுக்கிறியள்?

அந்த அச்சின்ரை, அதாவது செதுக்கின முகத்தின்ரை, பேரைப் போட்டு வெறுந்தலைப் படங்களை (பேஸப்பும் விக்கும் இல்லாததை) தேடி எடுங்கோ. நேர்முகம், முக்கால் திரும்பினது, பக்கவாட்டு, மூண்டும் வேணும். பக்கவாட்டிலைதான் உண்மை கிடக்கு. மூக்கு நுனி, மேலுதடு, நாடி, இந்த மூண்டு வளைவையும் எந்தப் பேஸப்பாலையும் மாத்தேலாது. நேர்முகத்திலை கண்துளையைப் பாருங்கோ. துளை சின்னனா இருந்தும் படத்திலை கண் பெருசாத் தெரிஞ்சா, அது மேலிமையிலை கீறின தடிச்ச கோட்டின்ரை வேலை. பேந்து வேறை ஆக்கள் வைச்சிருக்கிற அதே அச்சு, வேறை பேஸப்போடை, ஒரு பத்துப் படம். போன் கமறாவாலை வீட்டு வெளிச்சத்திலை எடுத்ததாப் பாருங்கோ, ஸ்ரூடியோப் படம் வேண்டாம்.

வெறுந்தலையும் உங்களைப் பாத்துச் சிரிச்சா, உங்களுக்குப் பிடிச்சது அச்சு. அதுக்கு மாற்றுக் கிடையாது, மலிவா வேறை ஒண்டை எடுத்தா ரண்டு மாதத்திலை அலுமாரிக்குள்ளை போயிடும். வெறுந்தலையைப் பாக்க ஆரோ தெரியாத பிள்ளை மாதிரி இருந்தா, பிடிச்சது பேஸப். அப்ப அந்தச் சாயலை இரண்டாவது பாவையிலையே போடுவிக்கலாம்.

கண்ணும் கனக்க ஏமாத்தும். அதே தலைக்கு 16 மில்லிமீற்றருக்குப் பதிலா 14 போட்டா கருவிழி சிறுத்து வெள்ளை கூடத் தெரியும், முகம் நாலு வயசு கூடினமாதிரி வரும். கடைக்கண்ணிலை இடைவெளி விழாட்டிச் சரி. 15 டொலர்க் கண்ணாலை மாறுற சாயலுக்கு 200 டொலர் கூடக் குடுக்கிறியளோ எண்டதையும் பாத்துக்கொள்ளுங்கோ.

கடைசியா, காட்போட் மட்டையை 43 சென்ரிமீற்றருக்கு வெட்டி, நீங்கள் பாவையை இருத்தப்போற இடத்திலை ஒரு கிழமைக்கு நிப்பாட்டி வையுங்கோ. 60 சென்ரிமீற்றரிலை ஆசை வாறவைக்கு இன்னொரு வேலை: ரண்டு லீற்றர் தண்ணிப் போத்தலைக் கையிலை வைச்சுக்கொண்டு அதுக்குச் சட்டை மாத்துற மாதிரி திருப்பிப் பாருங்கோ. அந்த அளவுப் பாவை கிட்டத்தட்ட அவ்வளவு பாரம்.

செய்கூலிசேதாரம்
60 சென்ரிமீற்றர் என்றதும் ஒரு எச்சரிக்கை. கூரியர் கொம்பனிகள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரிப்பார்கள். 75 × 25 × 20 பெட்டி என்றால் 7.5 கிலோவுக்குக் காசு, உள்ளே இருப்பது மூன்று கிலோ என்றாலும். 50 × 20 × 15 என்றால் 3 கிலோ. விற்பவரிடம் 'சின்னப் பெட்டியில் கட்டித் தர முடியுமா' என்று கேட்பது அழகான கொம்பனிப் பெட்டியை இழப்பதாகும். பிறகு விற்கும்போது அந்தப் பெட்டியும் ஒரு விலை. இரண்டையும் தட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

விலையைக் குறைத்து எழுதி அனுப்பச் சொல்லாதீர்கள். சுங்கத்தில் இருப்பவர்கள் இணையத்தில் விலை பார்க்கத் தெரியாதவர்கள் அல்லர். உடைந்து வந்தால் நட்டஈடும் எழுதின விலைக்குத்தான்.

கோண்டாவில்காரி
கண்ணாடிக்கண் அக்கா, நீங்கள் சொன்னமாதிரிப் பாத்தன். வெறுந்தலையும் பிடிச்சிருக்கு. பக்கவாட்டுத்தான் இன்னும் வடிவு. விக்கிறவவிட்டைக் கேட்டன், தலையை மட்டும் பேஸப்போடையும் கண்ணோடையும் 190 டொலருக்குத் தருவாவாம். சீனக் கொம்பனியிலை உடலை மட்டும் 170 டொலருக்கு எடுக்கலாம். ரண்டையும் பொருத்தினா?

சைக்கிள்கம்பி
உதுதான் புத்தி. மனசு ஒட்டுறது தலையிலை, காசு போறது உடலிலை. ஆனால் பொருத்துறது லேசில்லை, மூண்டு அளவு சரிவர வேணும்.

ஒண்டு, கழுத்து. உடலின்ரை கழுத்துச் சுற்றளவைக் கொம்பனி எழுதியிருக்கும். 7.2 சென்ரிமீற்றர் எண்டா 3.14 ஆலை பிரியுங்கோ, விட்டம் கிட்டத்தட்ட 23 மில்லிமீற்றர். தலையின்ரை அடித்துளை விட்டத்தை விக்கிறவவைக் கொண்டு அளப்பியுங்கோ, வேணியர் இல்லாட்டி ஸ்கேல் வைச்சுப் படம். துளை 2, 3 மில்லிமீற்றர் பெருசா இருந்தா ஆபத்தில்லை, தோல் வளையம் வைச்சு நிரப்பலாம். துளை சின்னனா இருந்தா தலை கழுத்திலை உக்காராது, மேலை மிதக்கும். அதைச் சீவிப் பெருப்பிக்கலாம். ஆனால் ஒருக்காச் சீவின தலையைச் 'சீவினது' எண்டு சொல்லித்தான் விக்கவேணும்.

ரண்டு, விகிதம். ரண்டு பாவையையும் முழு உருவமாக் காட்டுற படங்களை ஒரே உயரத்துக்குப் பெருப்பிச்சுப் பக்கத்திலை வையுங்கோ. தோள் அகலத்தையும் தலை அகலத்தையும் ஒப்பிடுங்கோ. ஒல்லி உடலிலை பெரிய தலை இருந்தா நுளம்புக் குடம்பி மாதிரி இருக்கும்.

மூண்டாவதுதான் தலையிடி: நிறம். வெள்ளை, நோர்மல், ரான் (மாநிறம்) எண்டு எல்லாக் கொம்பனியும் ஒரே பேர் வைச்சாலும் ஒண்டும் ஒண்டாயிராது. ஒரே கொம்பனியிலையே வருசத்துக்கு வருசம் மாறும். அதோடை உங்கடை தலை பழசு, உடல் புதுசு. பழைய றெசின் மெல்ல மெல்ல மஞ்சள் பிடிச்சிருக்கும். விக்கிறவவை வெள்ளை ஏ4 தாளிலை தலையை வைச்சு, வெயில் நேர படாத யன்னலடியிலை, லைற் போடாமல் படம் எடுக்கச் சொல்லுங்கோ. மண்டை மூடியைக் கழட்டி உள்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கோ. வெளிச்சம் படாத உள்பக்கத்துக்கும் நெத்திக்கும் நிறம் வேறை எண்டா, எவ்வளவு மாறியிருக்கு எண்டது அந்த ஒரு படத்திலையே விளங்கும்.

கண்ணாடிக்கண்
அரைவாசி நிறவேறுபாட்டைக் கழுத்துப்பட்டியும் உயர்ந்த கொலரும் மறைக்கும். கை தெரியும் எண்டா நீளக் கை. இதுக்குப் போய் உடலுக்கெல்லாம் பாஸ்ரல் பூசுறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ, அதுக்கு மேலை சாயம் அழியாமல் காக்கிற சீலர் அடிக்கவேணும், அதுதான் யாழ்ப்பாணத்திலை பெரிய தொல்லை.

எல்லாரும் புகழுற மிஸ்டர் சூப்பர் கிளியர் எண்ட சீலர் தீப்பிடிக்கிற ஸ்பிறே. விமானத் தபாலிலை வராது. ஆரும் வெளிநாட்டாலை வரேக்கை சூட்கேசுக்குள்ளை வைக்கச் சொல்லியும் கேக்காதேங்கோ, பெயின்ற் ஸ்பிறேயை விமானத்திலை விடமாட்டினம். ஹாட்வெயாரிலை கிடைக்கிற மற் வார்னிஷ் ஸ்பிறேக்களிலை சிலது காயாமல் பிசுபிசுக்கும், தூசி முழுக்க முகத்திலை ஒட்டும். வேறை வழி இல்லாட்டித் தூரிகையாலை பூசுற தண்ணி அடி அக்கிறிலிக் மற் வார்னிஷ், ஐதாக்கி, மெல்லிசா ரண்டு மூண்டு தரம். அதையும் முதல் முகத்திலை பூசாமல் மண்டை மூடியின்ரை உள்பக்கத்திலை பூசிக் காயவிட்டுப் பாருங்கோ.

ஸ்பிறே கைக்கு வந்தாலும் ஈரப்பதன் மானி இல்லாமல் தொடாதேங்கோ. 60 வீதத்துக்கு மேலை போனா மாப்பூசின மாதிரி வெள்ளைப் படலம் விழும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையிலை நினைக்கவும் கூடாது. சோளகம் வீசுற மாதங்களிலை பின்னேரத்துக்கு முன்னம், நடு மத்தியானம், காத்து நேர அடிக்காத இடமாப் பாத்து. கரி வடிகட்டி போட்ட முகமூடி கட்டாயம், துணி மாஸ்க் காணாது. படலம் விழுந்தா, பேஸப்பை முழுக்க அழிக்கிறதுதான் நேர்மையான வழி. ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்டுத் துடைக்கலாம். நெயில் பொலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், அசற்றோன் றெசினைத் தின்னும்.

அதாலைதான் சொல்லுறன், இஞ்சை இருந்து வாங்குறவைக்குப் போட்டு முடிஞ்ச பேஸப்போடை வாற தலைக்குக் கூடக் குடுக்கிற 40, 50 டொலர் செலவில்லை.

செய்கூலிசேதாரம்
இதை ஒத்துக்கொள்கிறேன். என் கணக்கில் பேஸப் செய்கூலி என்றேன். இங்கே அதைப் பிறகு செய்வது கடினம் என்றால் அது செய்கூலி என்றாலும் கொடுக்கத்தான் வேண்டும்.

புதுக் கணக்கு: தலை 190, உடல் 170, இரண்டுக்கும் அனுப்புகூலி 20 + 40. மொத்தம் 420 டொலர், 126,000 ரூபா. வற் 22,680. கூட்டினால் 148,680. ஒன்றரைக்குள் நிற்பது போலத் தெரியும், நிற்காது. சுங்கத் தீர்வை, வங்கியின் விற்பனை விலை, இலாஸ்ரிக், விக், ஒரு சட்டை, எல்லாம் வெளியே. 180,000 என்று மனதில் வையுங்கள். அல்லது உடலைப் பிறகு வாங்குங்கள். தலை ஒன்றுதான், அது போனால் கிடைக்காது. உடல் கொம்பனியில் பெரும்பாலும் பிறகும் செய்து கொடுப்பார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலம் எடுப்பிக்கலாம் என்று யாராவது சொல்வீர்கள். சொல்லலாம். ஆனால் அந்த நாட்டு வாங்கல் வரி அங்கேயே போய்விடும், இங்கே இறங்கும்போது சுங்க விதி அவர்களுக்கும் உண்டு. வேண்டுமானால் தலையைக் கைப்பையில், கண்ணைக் கழற்றி, துணியில் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

பாசையூர்ப்பிள்ளை
கைப்பைக்குள்ளை தலை. எக்ஸ்றேயிலை பாக்கிறவரின்ரை முகத்தை நினைச்சுப் பாத்தன்.

கோண்டாவில்காரி
விக்கிறவ லேயவேக்கும் ஓமெண்டுறா, தவணையிலை கட்டி முடிச்சாப்பிறகு பாவையை அனுப்புறது. ஆறு மாதம், மாதம் மாதம். அப்பிடி எண்டா முழுப் பாவையையே 520க்கு எடுக்கலாமோ எண்டு மனம் தடுமாறுது.

செய்கூலிசேதாரம்
தவணை டொலரில், சம்பளம் ரூபாயில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் நின்ற டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனது. 100 டொலர்த் தவணை 20,000 இலிருந்து 36,000. இடையில் விட்டால் கட்டின காசு திரும்பி வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், பெரும்பாலும் முற்பணம் வராது. அதோடு பேபால் ஊடாக என்றால் முறைப்பாட்டுக்குக் கட்டின நாளிலிருந்து 180 நாள்தான். ஆறு மாதத் தவணை முடிந்து பாவை வரும்போது முதல் தவணைக்கான பாதுகாப்பு முடிந்திருக்கும். 'நண்பர், குடும்பம்' என்ற வழியில் அனுப்பச் சொன்னால் பாதுகாப்பே இல்லை, அந்த இடத்தில் விலகுங்கள்.

லிமிற்றெட் என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். 1999 இல் வொக்ஸ் கொம்பனி ஜப்பானில் சூப்பர் டொல்பி என்ற மூட்டுப்பாவையை வெளியிட்ட காலம் தொட்டு இந்தப் பொழுதுபோக்கில் 'இனிமேல் வராது' என்பது ஒரு விற்பனை முறை. அதே அச்சை வேறு நிறத்தில், வேறு உடுப்பில் கொம்பனி திரும்ப விட்டால் இரண்டாங்கை விலை இறங்கும்.

கண்ணாடிக்கண்
ஆனால் விலை இறங்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்து தலையை விடுறதும் நட்டம்தான். விக்கிற எண்ணமே இல்லாதவைக்கு விலை இறங்கினா என்ன, ஏறினா என்ன? யாழ்ப்பாணத்திலை இருந்து விக்க வெளிக்கிட்டா, அனுப்புகூலி ஒரு பக்கம், வெளிநாட்டுக் காசை இஞ்சை எடுக்கிற வழி இன்னொரு பக்கம். 'பேந்து வித்துப்போடலாம்' எண்ட நினைப்பிலை கூட விலை குடுக்காதேங்கோ. வைச்சிருக்கப்போறன் எண்டா மட்டும் குடுங்கோ.

சைக்கிள்கம்பி
வைச்சிருக்கிறதுக்கும் காசு வேணும், அதையும் சொல்லிப்போட்டு நிப்பாட்டுறன்.

இந்த வெக்கைக்கு இலாஸ்ரிக் ரண்டு வருசத்திலை தளரும். 43 சென்ரிமீற்றருக்கு 2 தொடக்கம் 3 மில்லிமீற்றர் தடிப்பு உருண்டை இலாஸ்ரிக், தையல் சாமான் கடையிலை யார் (கஜம்) கணக்கிலை வாங்கலாம், ஆனால் துணி சுத்தினதாப் பாருங்கோ, வெறும் றப்பர் வெடிக்கும். கைக்கு ஒரு வளையம், தலை தொட்டுக் கால் வரைக்கும் ஒரு வளையம். அளவு தெரியாட்டி நீளமா விட்டுத் தற்காலிக முடிச்சுப் போட்டுக் கோத்து, நிக்கப் பண்ணிப் பாருங்கோ. துவண்டா ஒவ்வொரு சென்ரிமீற்றராக் குறையுங்கோ. ஒரேயடியா இறுக்கினா இருக்கேக்கை கால் உதைச்சு எழும்பும்.

இழுக்கிறதுக்குப் பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி நுனியை வளைச்சுக் கொக்கியாக்கி, ரேப் சுத்தி எடுங்கோ. சுத்தாட்டி றெசினைக் கீறும். இழுத்துப் பிடிச்ச வளையத்துக்குள்ளை ஒரு பென்சிலைக் குறுக்கை விட்டா இலாஸ்ரிக் உள்ளை ஓடாது, ரண்டு கையும் சும்மா கிடைக்கும், பேந்து ஆறுதலாக் கொளுக்கியிலை மாட்டலாம்.

எஸ் கொளுக்கியை, அதாவது கை, கால், தலையை இலாஸ்ரிக்கோடை மாட்டுற வளைஞ்ச கம்பியை, வந்த கையோடை பாருங்கோ. கடல்காத்துக்குச் சாதா இரும்பு துருப்பிடிச்சு மணிக்கட்டுக்குள்ளை மண்ணிறக் கறை விடும், அந்தக் கறை போகாது. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் 2 மில்லிமீற்றர் கம்பியிலை வளைச்சுப் போட்டா முடிஞ்சுது. கண்ணை ஒட்டுற புற்றி தகரக் கூரை அறையிலை இளகிக் கண் சரியும், எண்ணெய் விடுற வகை எண்டா உள்பக்கம் கறைபடும். கறுப்பு, கடும் சிவப்புச் சட்டை நேர உடம்பிலை போடாதேங்கோ, உள்ளை வெள்ளை உள்ளாடை. சாயம் பிடிச்சா மெலமைன் பஞ்சை நனைச்சு மெல்லமாத் தேய்க்கலாம், ரான் நிறத்திலை மட்டும் அதைத் தொடாதேங்கோ, வெளிறின அடையாளம் விழும். வெயில் படாத அலுமாரி, சிலிக்கா ஜெல் பை, மழைக்காலத்திலை மாதம் ஒருக்காத் திறந்து பாக்கிறது.

கோண்டாவில்காரி
தலைக்குக் காசு கட்டியாச்சு, 190. உள்பக்கப் படம் வந்தது, நெத்தி ஒரு சொட்டு மஞ்சள், கழுத்துப்பட்டிக்கு மறையும். உடல் அடுத்த வருசம். துளை 26 மில்லிமீற்றராம், உடலின்ரை கழுத்து 23. அந்தத் தோல் வளையம் என்ன தோலிலை வெட்டுறது அண்ணை?

சைக்கிள்கம்பி
செருப்புத் தைக்கிறவரிட்டை மெல்லிய சுவேட் துண்டு கேளுங்கோ, ஒரு மில்லிமீற்றருக்குள்ளை. ஒரு சென்ரிமீற்றர் அகலத்திலை பட்டி வெட்டி, சொரசொரப்புப் பக்கம் கழுத்தைப் பாக்க, தலைத்துளையின்ரை உள் விளிம்பிலை ஒரு சுத்து. வெள்ளைப் பசை மட்டும் பாவியுங்கோ, செருப்புக்கு ஒட்டுற பசை றெசினை இளக்கும். இரவு முழுக்கக் காயவிட்டு, காணாட்டி மேலை இன்னொரு சுத்து.